உதைபந்தாட்டக் கேள்வி பதில்: லீக் ஒரு கணக்கு, கிண்ணம் வேறு கணக்கு

கேள்வி (பரந்தன் வாசகர்): 2024/25 பருவகாலத்தில் நான்கு போட்டிகள் மீதமிருக்கும்போதே லிவர்பூல் இங்கிலாந்தின் முதற்பிரிவான பிரீமியர் லீக்கை வென்றுவிட்டது. அதே பருவகாலத்தில் இரண்டாம் பிரிவின் அடியில் கிடந்த பிளிமத் ஆர்கைலிடம், ஒருமுறை தோற்றாலே வெளியேறும் எஃப்.ஏ. கிண்ணத்தில் தோற்றது. அதே விலகல் முறையில் நடக்கும் லீக் கிண்ணத்தின் இறுதியையும் நியூகாசிலிடம் விட்டது. எங்கள் சந்தியில் பெடியள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். "லிவர்பூல் உண்மையில் பலமான அணி இல்லை" என்று ஒரு பகுதி, "கிண்ணப் போட்டியை அவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை" என்று மறுபகுதி. எது சரி?

பதில்: இரண்டும் சரியில்லை. அந்தப் பருவகாலத்தில் லிவர்பூல் மொத்தம் 56 போட்டிகள் ஆடியது. லீக்கில் 38, ஐரோப்பியக் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக்கில் 10, லீக் கிண்ணத்தில் 6, எஃப்.ஏ. கிண்ணத்தில் 2. லீக்கில் 25 வெற்றி, 9 சமநிலை, 4 தோல்வி, 84 புள்ளிகள். இரண்டாமிடம் வந்த ஆர்சனலுக்கு 74. அந்த நான்கு தோல்விகளில் இரண்டு, லீக் பட்டம் உறுதியான பிறகு வந்தவை. சலா மட்டும் லீக்கில் 29 கோல்கள் போட்டார், இன்னும் 18 கோல்களுக்குப் பந்து கொடுத்தார். இப்படி ஓர் அணியைப் பலமில்லாதது என்று சொல்ல முடியாது.

பிளிமத் தோல்விக்கு விடை நாட்காட்டியில் இருக்கிறது. 2025 பெப்ரவரியை எடுத்துப் பாருங்கள். 1ஆம் திகதி போர்ன்மத், 6ஆம் திகதி டொட்டன்ஹாமுடன் லீக் கிண்ண அரையிறுதி, 9ஆம் திகதி பிளிமத், 12ஆம் திகதி எவர்ட்டன், 16ஆம் திகதி வுல்வ்ஸ், 19ஆம் திகதி அஸ்டன் வில்லா, 23ஆம் திகதி மன்செஸ்டர் சிட்டி, 26ஆம் திகதி நியூகாசில். 26 நாட்களில் எட்டுப் போட்டிகள். வியாழன் இரவு அரையிறுதி, ஞாயிறு பிளிமத், புதன் எவர்ட்டன். இந்த மூன்றில் எதில் முதல்தர வீரர்களுக்கு ஓய்வு கொடுப்பது என்று கேட்டால், எந்த முகாமையாளரும் நடுவில் இருப்பதைத்தான் காட்டுவார். ஆர்னே ஸ்லொட்டும் அதையே செய்தார். சலாவும் வான் டைக்கும் பிளிமத்துக்குப் போகவே இல்லை.

அப்படி மாற்றும்போது எது பிழையாகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒருவர், இருவரை மாற்றினால் மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள். ஏறக்குறைய முழு அணியையும் மாற்றினால், சேர்ந்து ஆடிப் பழகாத பதினொரு பேர் மைதானத்தில் நிற்பார்கள். எப்போது முன்னேறி அழுத்துவது, யார் பின்னால் மூடுவது என்ற புரிதல் இருக்காது. போதாக்குறைக்கு ஜோ கோமஸ் ஆரம்பத்திலேயே காயப்பட்டு வெளியேறினார். பிளிமத் கூட்டமாகப் பின்னால் நின்று தடுத்தது. 53ஆவது நிமிடத்தில், ஹார்வி எலியட்டின் கையில் பந்து பட்டதற்காகக் கிடைத்த பெனால்டியை ரையன் ஹார்டி கோலாக்கினார். 1-0. லீக்கில் ஒரு நாள் தவறினால் அடுத்த கிழமை சரிசெய்யலாம். கிண்ணத்தில் அடுத்த கிழமை இல்லை. அதே பிளிமத் அந்தப் பருவகால முடிவில் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் பிரிவின் 46 லீக் போட்டிகள் அணியின் ஆழத்தைக் காட்டும். தொண்ணூறு நிமிடம் அதைக் காட்டாது.

நியூகாசில் விடயம் வேறு. அந்த இறுதிக்கு லிவர்பூல் கிடைத்த நல்ல அணியோடுதான் வந்தது. ஆனால் ஐந்து நாட்களுக்கு முன், மார்ச் 11ஆம் திகதி, பரிஸ் சென் ஜெர்மெயினுடன் 120 நிமிடம் ஆடி, சமநிலை தவிர்ப்பு உதைகளில் தோற்றிருந்தது. அந்தப் போட்டியில் அலெக்சாண்டர் ஆர்னோல்டும் காயப்பட்டார். நியூகாசில் அந்த ஆண்டு ஐரோப்பியப் போட்டிகளிலேயே இல்லை. முழுப் பருவகாலத்திலும் அவர்கள் ஆடியது 48 போட்டிகள், லிவர்பூலைவிட எட்டுக் குறைவு. இறுதி நடந்த வெம்பிளி மைதானத்தில் 45ஆவது நிமிடத்தில் ஒரு கோர்னர். ஆறரை அடி உயரமான நியூகாசில் வீரர் டான் பேர்னை மறிக்க நின்றவர் அவரைவிட மிகவும் உயரம் குறைந்த மக் அலிஸ்டர். பேர்ன் பெனால்டிப் பெட்டியின் விளிம்புப் பக்கமாகப் பின்வாங்கி, தனியே எழும்பித் தலையால் அடித்தார். 52ஆவது நிமிடத்தில் இசாக் இரண்டாவது கோலைப் போட்டார். லிவர்பூலின் கியேசா மேலதிக நிமிடத்தில் ஒன்றைத் திருப்பியும் போதவில்லை, 2-1. 1955 எஃப்.ஏ. கிண்ணத்துக்குப் பிறகு, எழுபது ஆண்டுகள் கழித்து நியூகாசில் வென்ற உள்நாட்டுக் கிண்ணம் அது. அதை லிவர்பூலின் களைப்பின் கணக்கில் மட்டும் எழுதுவது நியூகாசிலுக்குச் செய்யும் அநியாயம். அந்தக் கோர்னரை அவர்கள் பழகிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கேள்வி (முள்ளியவளை வாசகர்): 2024/25இல் டொட்டன்ஹாம் லீக்கில் 17ஆவது இடம். பிறகு எப்படி அடுத்த பருவகாலச் சம்பியன்ஸ் லீக்கில் இடம் பிடித்தது? 15ஆவது வந்த மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கு ஏன் கிடைக்கவில்லை?

பதில்: ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிண்ணமான யூரோப்பா லீக்கை வெல்லும் கழகத்துக்கு அடுத்த பருவகாலச் சம்பியன்ஸ் லீக்கில் நேரடி இடம் உண்டு. உள்நாட்டு லீக்கில் எத்தனையாவது வந்தாலும் அது மாறாது. 2025 மே 21ஆம் திகதி பில்பாவோவில் நடந்த இறுதியில் இந்த இரண்டு கழகங்களும்தான் மோதின. 42ஆவது நிமிடத்தில் பிரெனன் ஜோன்சனின் கோல், 1-0. டொட்டன்ஹாம் 2008இன் பிறகு வென்ற முதல் கிண்ணம்.

17ஆவது இடம் என்றவுடன் மயிரிழையில் தப்பியது என்று நினைக்க வேண்டாம். டொட்டன்ஹாம் 22 போட்டிகளில் தோற்று 38 புள்ளிகள்தான் எடுத்தது. ஆனால் 18ஆவது வந்த லெஸ்டருக்கு 25 புள்ளிகள். கீழே மூன்று அணிகளும் அவ்வளவு பின்தங்கியதால், லீக்கில் ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு டொட்டன்ஹாம் தன் நல்ல வீரர்களை யூரோப்பா லீக்குக்கென்று காத்து வைத்தது. ரொமேரோ, வான் டி வென், விக்காரியோ மூவரும் நீண்ட காலம் காயத்தில் இருந்தது லீக் புள்ளிகளை ஏற்கெனவே சாப்பிட்டிருந்தது. இறுதியில் கோல் கோட்டருகே பாய்ந்து பந்தை வெளியே அடித்தவர் அதே வான் டி வென். இவ்வளவுக்கும் பிறகு முகாமையாளர் போஸ்டெகோக்லூவைக் கழகம் ஜூன் 6ஆம் திகதி நீக்கியது. லீக் அட்டவணைக்குக் கொடுத்த விலை அது.

யுனைட்டட்டுக்கு அந்தத் தோல்வியோடு ஐரோப்பிய இடம் எதுவுமே இல்லாமல் போனது. அதனால் ஒரு பக்கவிளைவும் வந்தது. ஐரோப்பாவில் ஆடும் கழகங்கள் லீக் கிண்ணத்தில் மூன்றாம் சுற்றிலிருந்து சேரும், ஆடாத பிரீமியர் லீக் கழகங்கள் இரண்டாம் சுற்றிலேயே இறங்க வேண்டும். யுனைட்டட் 2025 ஓகஸ்ட் 27ஆம் திகதி நான்காம் பிரிவு கிறிம்ஸ்பி டவுனுக்குப் போய், 2-2 என்று முடித்து, சமநிலை தவிர்ப்பு உதைகளில் 12-11 என்று தோற்றது.

இதற்கு மறுதலையாக, கிண்ணத்தை வென்றும் லீக்கில் இறங்கிய கழகம் விகன் அத்லெட்டிக். 2013 மே 11ஆம் திகதி மன்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கிண்ணம் எடுத்தது. மூன்று நாள் கழித்து ஆர்சனலிடம் 4-1 என்று தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. கிண்ணம் லீக்குக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காது.

கேள்வி (மல்லாவி வாசகர்): போட்டி எத்தனை மணிக்கு என்பது எப்போதும் குழப்பம். சில மாதம் ஏழரை, சில மாதம் எட்டரை. செவ்வாய்க்கிழமைப் போட்டி என்று காத்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் இல்லை.

பதில்: எங்கள் மணிக்கூடு மாறுவதில்லை, அவர்களுடையது மாறுகிறது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்து நேரத்தோடு நாலரை மணித்தியாலம் கூட்டுங்கள். மற்ற மாதங்களில் ஐந்தரை கூட்டுங்கள்.

சனிக்கிழமை அங்கே பகல் 12.30 போட்டி இங்கே கோடையில் மாலை 5.00, குளிர்காலத்தில் 6.00. பிற்பகல் 3.00 போட்டி இரவு 7.30 அல்லது 8.30. மாலை 5.30 போட்டி இரவு 10.00 அல்லது 11.00. ஞாயிறு 2.00 மணிப் போட்டி மாலை 6.30 அல்லது 7.30, அதற்கு அடுத்த 4.30 போட்டி இரவு 9.00 அல்லது 10.00.

கிழமை நடுவில் இரவு 8.00 மணிக்குத் தொடங்கும் போட்டிகளில்தான் எல்லோரும் பிழைவிடுகிறார்கள். செவ்வாய் இரவுப் போட்டி எங்களுக்குப் புதன் அதிகாலை 12.30 அல்லது 1.30. அதாவது செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நித்திரை கொள்ளாமல் இருக்க வேண்டும், புதன் இரவு அல்ல. தொலைபேசிச் செயலியில் உங்கள் நேர வலயம் கொழும்பு என்று இருக்கிறதா என ஒருமுறை பார்த்துவிட்டால் அது தானே மாற்றிக் காட்டும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு வாசகர்): சனிக்கிழமை ஏழரை மணிப் போட்டியை நாங்கள் பார்க்கிறோம். லண்டனில் இருக்கிற அண்ணா "எங்களுக்குக் காட்டமாட்டார்கள்" என்கிறார். அது எப்படி?

பதில்: அண்ணா சொல்வது உண்மை. பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை உதைபந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டத் தடை இருக்கிறது. பெரிய கழகத்தை வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தால் ஊர்ச் சின்னக் கழகத்தின் மைதானத்துக்கு ஆட்கள் போகமாட்டார்கள், வாசல் காசு நின்றுவிடும் என்பதே காரணம். வெளிநாடுகளுக்கு அந்தத் தடை இல்லை. அண்ணாவுக்குக் கோல் விபரம் சொல்லும் வேலை உங்களுடையது.

கேள்வி (வவுனியா வாசகர்): இரண்டு அணிகள் ஒரே புள்ளி எடுத்தால் எங்கள் பக்கச் சுற்றுப்போட்டிகளில் யார் யாரை வென்றது என்று முதலில் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் ஏன் அப்படி இல்லை?

பதில்: பிரீமியர் லீக்கில் முதலில் கோல் வித்தியாசம், பிறகு போட்ட கோல்கள். அதிலும் சமன் என்றால்தான் இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய போட்டிகள். 38 போட்டிகளின் உழைப்பை இரண்டு போட்டிகளால் தீர்மானிக்கக் கூடாது என்பது அதன் நியாயம். எங்களுக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனால் ஐந்து, ஆறு அணிகள் மட்டும் ஆடும் சிறிய குழுவில் ஒரு பலவீனமான அணியை 9-0 என்று அடித்தவன் அதனாலேயே மேலே போய்விடுவான். அங்கே நேருக்கு நேர் முடிவை முதலில் பார்ப்பதில் தவறில்லை.

2011/12இல் மன்செஸ்டரின் இரண்டு கழகங்களும் 89 புள்ளிகளில் நின்றன. சிட்டிக்கு +64, யுனைட்டட்டுக்கு +56. அந்த எட்டுக் கோல்கள்தான் லீக் பட்டத்தைத் தீர்மானித்தன. 2024/25இல் நியூகாசிலும் அஸ்டன் வில்லாவும் 66 புள்ளிகள். நியூகாசிலுக்கு +21, வில்லாவுக்கு +7. ஐந்தாமிடத்துக்குச் சம்பியன்ஸ் லீக், ஆறாமிடத்துக்கு யூரோப்பா லீக். கடைசி நாளில் இரண்டு அணிகளும் தோற்றன. வில்லா ஒரு சமநிலை எடுத்திருந்தாலே போதும், ஆனால் கோல் காப்பாளர் மார்ட்டினஸ் முதற்பாதி முடியும் தறுவாயில் சிவப்பு அட்டை வாங்க, பத்துப் பேரோடு ஆடி 2-0 என்று யுனைட்டட்டிடம் விழுந்தது.

கேள்வி (முருங்கன் வாசகர்): லீக்கில் மஞ்சள் அட்டை சேர்ந்தால் கிண்ணப் போட்டியிலும் தடையா?

பதில்: இல்லை. பிரீமியர் லீக் மஞ்சள் அட்டைகளுக்கான தடை பிரீமியர் லீக்கிலேயே கழியும். அணியின் முதல் 19 போட்டிகளுக்குள் 5 மஞ்சள் சேர்ந்தால் ஒரு போட்டி, 32 போட்டிகளுக்குள் 10 சேர்ந்தால் இரண்டு போட்டி, பருவகாலத்தில் 15 என்றால் மூன்று போட்டி. நேரடிச் சிவப்பு அட்டை அப்படியல்ல. அடிதடிக்காக வாங்கினால் மூன்று போட்டித் தடை, அது அடுத்து வரும் உள்நாட்டுப் போட்டி எதுவோ அதிலிருந்தே ஓடத் தொடங்கும்.

கேள்வி (துணுக்காய் வாசகர்): மூன்றாவதாக வந்த ஷெபீல்ட் யுனைட்டட் 90 புள்ளி, நான்காவது சண்டர்லாண்ட் 76 புள்ளி. ஏறியது சண்டர்லாண்ட். இது நீதியா?

பதில்: 2024/25 இரண்டாம் பிரிவில் லீட்ஸும் பேர்ன்லியும் ஆளுக்கு 100 புள்ளி எடுத்து நேரடியாக ஏறின. மூன்றாவது முதல் ஆறாவது வரையான நான்கு அணிகளும் மிச்சமிருந்த ஓர் இடத்துக்காக அரையிறுதி, இறுதி ஆடின. வெம்பிளி இறுதியில் ஷெபீல்ட் முதலில் கோல் போட்டது. சண்டர்லாண்ட் சமப்படுத்தி, மேலதிக நிமிடத்தில் டொமி வொட்சனின் கோலால் 2-1 என்று வென்றது. 14 புள்ளி வித்தியாசம் ஒரு மாலையில் அழிந்தது. ஷெபீல்ட் ஆதரவாளரின் மனவருத்தம் முழுக்க நியாயமானது. ஆனால் இந்த ஏற்பாடு இல்லையென்றால், மாசி மாதத்திலேயே பத்து அணிகளுக்கு ஆடுவதற்கு எதுவும் மிஞ்சாது. விதி முதல் நாளே எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை நீதியற்றது என்று சொல்லமாட்டோம்.

புள்ளி குறைப்பும் இதே மாதிரிதான். ஷெபீல்டின் 90 என்பது 92இல் இரண்டு கழித்த கணக்கு. 2023/24இல் எவர்ட்டனுக்கு முதலில் 10 புள்ளி வெட்டி, மேன்முறையீட்டில் 6 ஆக்கி, பின்னர் இன்னும் 2 வெட்டினார்கள். மூன்று ஆண்டுகளில் 105 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்ற விதியை மீறியதே குற்றம். அட்டவணை பார்க்கும்போது கீழே சின்ன எழுத்தில் உள்ள குறிப்பையும் வாசியுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான், விளையாட்டுக் கழகச் செயலாளர்): எங்கள் பகுதியில் எட்டுக் கழகங்கள். எப்போதும் விலகல் முறைச் சுற்றுப்போட்டிதான். முதல் நாளே தோற்றவர்கள் வருடம் முழுக்கச் சும்மா இருக்கிறார்கள். இங்கிலாந்து மாதிரி லீக்கும் கிண்ணமும் சேர்த்து நடத்தலாமா? ஒரு மைதானம்தான் இருக்கிறது.

பதில்: தாராளமாக நடத்தலாம். எட்டு அணிகள் ஒவ்வொன்றும் ஒருமுறை மோத 28 போட்டிகள் வேண்டும் (எட்டை ஏழால் பெருக்கி இரண்டால் பிரித்தது). ஏழு சுற்று, சுற்றுக்கு நான்கு போட்டி. சனி இரண்டு, ஞாயிறு இரண்டு என்றால் ஏழு கிழமை. கிண்ணத்துக்கு 7 போட்டிகள் போதும், ஏனெனில் விலகல் முறையில் ஒவ்வொரு போட்டியும் ஓர் அணியை வெளியேற்றும், ஏழு அணி வெளியேற வேண்டும். லீக்கின் மூன்றாம் சுற்றுக்குப் பின் காலிறுதி, ஐந்தாம் சுற்றுக்குப் பின் அரையிறுதி, ஏழாம் சுற்று முடிந்து இறுதி. மொத்தம் பத்துக் கிழமை.

அட்டவணை போடுவதில்தான் சண்டை வரும். இப்படிச் செய்யுங்கள். சீட்டுக் குலுக்கி அணிகளுக்கு 1 முதல் 8 வரை இலக்கம் கொடுங்கள். மேல் வரிசையில் 1, 2, 3, 4. அவற்றின் நேர் கீழே 8, 7, 6, 5 என்று எழுதுங்கள். மேலும் கீழும் உள்ளவை மோதும். முதற்சுற்று 1-8, 2-7, 3-6, 4-5. 1ஐ அசைக்காமல் மற்ற ஏழையும் மணிக்கூட்டு முள் திசையில் ஓர் இடம் நகர்த்துங்கள். இரண்டாம் சுற்று 1-7, 8-6, 2-5, 3-4. மூன்றாவது 1-6, 7-5, 8-4, 2-3. இப்படியே மொத்தம் ஆறு முறை நகர்த்தி ஏழு சுற்று ஆடினால் ஒரு சோடியும் திரும்ப வராது, ஒன்றும் விடுபடாது. ஏழு அணிதான் சேர்ந்தன என்றால் 8ஆம் இலக்கத்தை வெறுமையாக விடுங்கள். அதோடு சோடி சேர்பவருக்கு அன்று ஓய்வு.

கிண்ணத்துக்கு வெளியூர் அணிகளையும் சேர்த்து 11 ஆகிவிட்டால், 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் வரிசையில் அடுத்த எண் 16. 16இலிருந்து 11ஐக் கழித்தால் 5. ஐந்து அணிகளுக்கு முதற்சுற்றில் போட்டி இல்லை. மற்ற ஆறும் மூன்று போட்டி ஆடி, வெல்பவர்களோடு எட்டு ஆகும். இந்த ஐந்து யார் என்பதைப் பெரிய கழகம், சின்னக் கழகம் பார்க்காமல் எல்லோர் முன்னிலையிலும் சீட்டில் எடுங்கள். இடையில் வேறு இடத்தில் விடுபாடு கொடுத்தால் அரையிறுதிக்கு மூன்று அணி வந்து நிற்கும்.

நேரத்தைக் கணக்குப் பாருங்கள். பாதிக்கு 30 நிமிடம், இடைவேளை 10, அடுத்த போட்டிக்கு ஆயத்தம் 10 என்றால் ஒரு போட்டிக்கு 80 நிமிடம். 3.15க்குத் தொடங்கினால் இரண்டு போட்டியும் 5.55க்குள் முடியும். கிண்ணப் போட்டிக்குச் சமநிலை தவிர்ப்பு உதைகள் வரலாம், ஆகவே கிண்ண நாட்களில் 3.00 மணிக்கே தொடங்குங்கள். மேலதிக நேரமோ மறுபோட்டியோ வைக்க வேண்டாம். எஃப்.ஏ. கிண்ணத்திலேயே 2024/25 முதல் முதலாம் சுற்றிலிருந்து மறுபோட்டியை நீக்கிவிட்டார்கள். வெயில் கடுமையான நாட்களில் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் மூன்று நிமிடம் தண்ணீர் குடிக்க நிறுத்துங்கள்.

எப்போது தொடங்குவது என்பது மிக முக்கியம். மார்கழி மழையில் மைதானம் குளமாகக் கிடக்கும். தை, மாசியில் காலபோக அறுவடை, பாதி அணி வயலில் நிற்கும், பாடசாலை விளையாட்டுப் போட்டிகளும் அப்போதுதான். சித்திரை வருடப்பிறப்பு கழிந்த முதல் சனியில் தொடங்கினால் ஆனி முடிவதற்குள் முடிக்கலாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும் கிழமையை வெறுமையாக விடுங்கள். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று வலுக்கும். உங்கள் மைதானம் காற்றின் வழியே கிடந்தால், காற்றுக்கு முதுகு காட்டி ஆடும் பாதியிலேயே கோல் எல்லாம் விழும். நாணயச் சுழற்சியில் வென்ற அணி பக்கத்தைத் தேர்வது அப்போது பெரிய இலாபம். சமநிலை தவிர்ப்பு உதைகளை எந்தக் கோலில் அடிப்பது என்பதையும் மத்தியஸ்தர் நாணயம் சுண்டியே தீர்மானிக்கட்டும்.

விதிகளை ஒரு தாளில் எழுதி, எட்டுச் செயலாளர்களிடமும் கையொப்பம் வாங்கி, முதற்போட்டிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1. சமப்புள்ளியில் முதலில் கோல் வித்தியாசமா, நேருக்கு நேர் முடிவா. குறித்த நேரத்தில் எத்தனை நிமிடம் பிந்தினால் போட்டி போகும், அப்படிப் போனால் முடிவு 3-0. ஒரு வீரர் ஒரு பருவகாலத்தில் ஒரு கழகத்துக்குத்தான் ஆடலாம் என்பதையும், பெயர்ப் பதிவு எந்தத் திகதியோடு மூடப்படும் என்பதையும் அதில் சேருங்கள். அரையிறுதிக்கு மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் இறக்கும் பழக்கத்தை நிறுத்த வேறு வழியில்லை. கடைசியாக, பத்துக் கிழமைக்கு மேல் இரண்டு சனி, ஞாயிறுகளை மைதானப் பொறுப்பாளரிடம் சொல்லி முன்கூட்டியே பதிந்து வையுங்கள், மழைக்கோ செத்த வீட்டுக்கோ ஒத்திவைத்த போட்டிகளை அங்கே ஆடலாம்.